தூங்கும்போதே அனுப்பிவிடு

கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்த செடிக்காரி, சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

சுடவில்லை. சில்லென்றும் இல்லை. அதுதான் விபரீதம்.

"என்னங்க! ஓடி வாங்க! ஃப்ரிட்ஜு செத்துப்போச்சு!"

கதவைப் பிடுங்கித் திறந்தாள். குளிர் வந்து முகத்தில் அறைய வேண்டிய இடத்தில், ஈர மரத்தூளின் புழுங்கிய வாடை அறைந்தது. நடுத்தட்டில் சாக்குக்குள் படுத்திருந்தது ஒரே ஒரு உருப்படி. இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகையின் இருட்டு மூலையைப் பார்த்து ஓடினாள். வழியில் இருந்த மண்தொட்டி காலில் பட்டு உருண்டது, உடைந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐஸ் வேணும்! மீன் கடையில கேளுங்க! இருக்கிறதை அள்ளிட்டு வாங்க!"

வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வாசலில் வந்து நின்றார் அவள் வீட்டுக்காரர்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"சுண்டெலியோட செடிங்க. ஃப்ரிட்ஜு நின்னுபோச்சு."

"ஓ," என்றார் அவர். ஓடவில்லை. நிதானமாக வாய் கொப்பளிக்கப் போனார். அவள் இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை.

சாக்கைப் பிரித்தாள். விரல் பருமனில் ஒரு அத்திக் குச்சி. ஒரு இலை கிடையாது. விவரம் தெரியாதவர் பார்த்தால் அடுப்பில் செருகிவிடுவார். அடியில் மட்டும் பழுப்பு வேர்கள், மண் ஒட்டி, வாரப்படாத தலைமுடி மாதிரி. செடிக்காரி வேரைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, குச்சியின் குருத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே மேலே போனாள்.

தூங்குகிறதா? முழித்துவிட்டதா?

வேறு வீட்டில் அது தொட்டிலைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. இந்த வீட்டில் அது பிழைப்பு.

அத்தி, குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கும். அந்தத் தூக்கத்தில் தோண்டியெடுத்து, வேரை மண்ணில்லாமல் கழுவி, ஈரம் காயாமல் சுற்றி அனுப்பினால் கடல் தாண்டிப் போயும் பிழைத்துக்கொள்ளும். இலை விட்ட பிறகு அதே வேலையைச் செய்தால், இலை தண்ணீர் கேட்கும், வேர் கையை விரிக்கும், பெட்டிக்குள்ளேயே கதை முடியும். இலை உதிர்ந்த பிறகு, குருத்து வீங்குவதற்கு முன்னால். அந்த இடைவெளியைப் பிடித்தவன் செடி வியாபாரி, விட்டவன் விறகு வியாபாரி என்பார் வீட்டுக்காரர்.

வெளியே அந்த இடைவெளி எப்போதோ முடிந்துவிட்டது. பம்ப் செட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் தாய்மரம் கை அகலத்துக்கு இலை விரித்து நின்றது. அதிலிருந்து வெட்டிப் பதியம் போட்ட இந்த வருஷத்துச் செடிகள் எல்லாம் வாங்கியவர்கள் வீட்டில் வேர் பிடித்திருக்கும். பூக்கடைக்காரர் ஒருவர் கடையை மூடியபோது வாங்கிப்போட்ட அந்தப் பழைய ஃப்ரிட்ஜுக்குள், இன்னும் குளிர்காலம்தான் என்று நம்பவைக்கப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது இந்த ஒன்று மட்டும்.

இன்று திங்கள். கடல் தாண்டுகிற பார்சல் திங்களன்று கிளம்பினால்தான் சனி, ஞாயிறு லீவில் ஏதோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டு அழுகாது. மத்தியானம் கூரியர் வண்டி வரும். இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம். அடுத்த வாரம் என்பது இனிமேல் இல்லை.

ஏனென்றால் அவள் விரல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உச்சிக் குருத்தின் பழுப்பு உறை லேசாகப் பிளந்திருந்தது. உள்ளே ஊசிமுனை அளவுக்குப் பச்சை.

"ஐயோ," என்றாள் செடிக்காரி, மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி. "முழிச்சிடுச்சே."

*

மெக்கானிக்குக்கு 'நட்டு' என்று பெயர். எதைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் கையில் ஒரு நட்டு மிச்சம் இருக்கும் என்பதால் ஊர் வைத்த பெயர். வரும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சுக்கா. உங்க வீட்டுக்காரர் மாதிரி. சத்தம் மட்டும்தான் வரும், வேலை நடக்காது."

"டேய், நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சுதான் சார் சொல்றேன். பின்னாடி பேசுற பழக்கம் நமக்குக் கிடையாது."

ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தான். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பின்பக்கம் தலையை நுழைத்தான். பிறகு தலையை வெளியே எடுத்தான். முகத்தில் ஒரு சங்கடம்.

"அக்கா, மெஷினுக்கு ஒரு நோவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்காங்க."

"எலியா இருக்கும்," என்றார் வீட்டுக்காரர், உடைந்த தொட்டியின் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே.

"எலி பிளக்கைக் கழட்டி, ஒயரை வட்டமாச் சுருட்டி, ரப்பர் பேண்டும் போட்டு வெக்குமா சார்? ரொம்பப் பொறுப்பான எலியா இருக்கே."

சிரித்துவிட்டுத்தான், யாரும் கூடச் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான். செடிக்காரி வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும்போல அதில் நாலைந்து ரப்பர் பேண்டுகள் தொங்கின. எந்த ஒயரைப் பார்த்தாலும் சுருட்டி ரப்பர் பேண்டு போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துச் சிரித்த பழக்கம்.

"நான் வரேன்கா," என்று பையைத் தூக்கினான் நட்டு. "இதுக்கெல்லாம் என்ன கூலி. அடுத்த தடவை சேர்த்து வாங்கிக்கிறேன்."

அவன் செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் போய்த் தேய்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எப்ப?"

"போன திங்க சாயங்காலம். கூரியர்க்காரனை வெறுங்கையோட அனுப்பிட்டு வந்தே பாரு, அன்னைக்கு."

"ஒரு வாரமாவா? ஒரு வாரமா அது உள்ள வெந்துக்கிட்டு இருந்துச்சா?"

"நீதான் திறந்தா குளிர் போயிடும்னு வாரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பே. எனக்குத் தெரியும்."

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? செத்துப்போனா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?" அவர் குரல் உயரவில்லை. கையில் இருந்த ஓட்டுத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். "தூங்குற வரைக்கும் நீ அனுப்ப மாட்டே. இன்னும் தூங்குதே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம், அதுக்கடுத்த வாரம் பார்த்துக்கலாம்... முழிச்சுட்டாதான் உனக்குக் கை காலே ஓடும். அதான் முழிக்க வெச்சேன்."

செடிக்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள், ஈரச் சாக்கின் மேலேயே.

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாங்கினவர்கள் எல்லாருக்கும் குளிர் முடிவதற்குள் அனுப்பிவிட்டாள். ஒரு முகவரிக்கு மட்டும் அவள் கை எழவில்லை.

அந்த முகவரி அக்கா வீட்டு முகவரி. அக்கா இல்லாத அக்கா வீடு. போன கோடையின் கடைசியில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவளின் முகத்தைப் போன் திரையில்தான் கடைசியாகப் பார்த்தாள் செடிக்காரி. துக்கம் விசாரித்து வந்தவர்கள் கலைந்த கையோடு, அங்கிருந்து அக்கா பெண் கூப்பிட்டாள். சுண்டெலி. அங்கே அவளுக்கு வேறு பெயர். சுண்டெலி என்பது இந்தக் கொட்டகைக்குள் மட்டும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வாயில் மட்டும் புழங்குகிற பெயர். எதைக் கொடுத்தாலும் ஓரத்தை மட்டும் கொறித்துவிட்டு வைத்துவிடுவாளே, அதனால்.

"சித்தி, அந்தப் பம்ப் செட்டு மரத்துல இருந்து எனக்கு ஒரு செடி வேணும்," என்றாள்.

அவள் சித்தியிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. பொம்மை கேட்டதில்லை, துணி கேட்டதில்லை. அவள் கேட்டது இது ஒன்றுதான்.

"இப்ப இலையோட நிக்குதும்மா. தூங்கட்டும், அனுப்புறேன்," என்றாள் செடிக்காரி. அது உண்மை.

இலை உதிர்ந்தது. "உங்க ஊர்ல பனி கொட்டுது. வழியிலயே வேர் உறைஞ்சுடும். கொஞ்சம் பொறு," என்றாள். அதுவும் உண்மை.

அங்கே பனி விட்டது. அதற்குப் பிறகு சொன்னதில் எதுவும் உண்மையில்லை. பெட்டி கிடைக்கவில்லை, கூரியர்க்காரன் வரவில்லை, மழை, இடுப்பு வலி.

போன வாரம் சுண்டெலி திரும்பக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. வங்கியில் இருந்து பேசுகிறவள் மாதிரி மரியாதையாகப் பேசினாள்.

"சித்தி, இந்தத் தடவை வரலேன்னா விட்டுடுங்க. இனிமே கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"தொந்தரவெல்லாம் இல்லம்மா. வர்ற திங்க கட்டாயம்..."

"வந்தா சந்தோஷம். வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் செடிக்காரியைப் பிடித்துக்கொண்டது. என்ன சொல்லணும்? அக்கா போகிற போக்கில் வாயைத் திறந்துவிட்டாளா? எத்தனை வருஷமாக மூடிவைத்தது. செடி போய்ச் சேர்ந்தால் அந்தப் பேச்சு வரும். போகாவிட்டால் சுண்டெலி இனிமேல் கூப்பிடவே மாட்டாள். அக்கா இருந்தவரை அக்காவைக் கேட்கிற சாக்கில் அவள் குரலைக் கேட்கலாம். இப்போது அந்தச் சாக்கும் இல்லை. இருப்பதெல்லாம் இந்த ஒரு குச்சி.

"எழுந்திரு," என்றார் வீட்டுக்காரர். "வண்டி வர்றதுக்குள்ள கழுவணும்."

*

அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்தார் அவர். செடிக்காரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குச்சியை மடியில் சாய்த்துக்கொண்டு வேரை மட்டும் தண்ணீரில் இறக்கினாள்.

அங்கே இறங்கும்போது பெட்டியைப் பிரித்து வேரைப் பார்ப்பார்கள். வெளியூர் மண் ஒரு துளி இருந்தாலும் செடி நெருப்புக்குத்தான் போகும். அதனால் ஒவ்வொரு வேராக எடுத்து, விரலிடுக்கில் வைத்து, பழைய சவர பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தடவினாள். தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. கொட்டிவிட்டு வேறு பிடித்தார். அதுவும் மாறியது. திரும்பவும் பிடித்தார். முறிந்த வேர்களைக் கத்தரிக்கோலால் நறுக்கினாள்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்குங்க. கொஞ்சம் வெந்நீர் கலக்கலாமா?"

"செடிக்குச் சளி பிடிக்காது."

அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

"உச்சியைக் கிள்ளிடு," என்றார் பிறகு. "முழிச்சது அது ஒண்ணுதான். கீழ இருக்கிறது எல்லாம் நல்லாத் தூங்குது. அதைக் கிள்ளிட்டா மத்தது பிழைச்சுக்கும். இல்லேன்னா அது ஒண்ணு தண்ணி தண்ணின்னு மொத்தத்தையும் இழுத்துடும்."

சரியான யோசனை. யாருக்கு வேண்டுமானாலும் அவளே சொல்லியிருப்பாள். கட்டைவிரல் நகத்தை உச்சிக் குருத்துக்குக் கீழே கொண்டுபோனாள். லேசாக அழுத்தியதும் ஒரு சொட்டுப் பால் எட்டிப் பார்த்தது.

விரலை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. நீங்க வேணா கிள்ளுங்க."

அவர் கிட்ட வந்து குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்து, மரத்தூள் மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

இரண்டு பேரும் ஒரே நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாளைப் பற்றி அவர்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

இதே கொட்டகை. நல்ல வெயில் நேரம். சாக்கு விரித்த கட்டிலில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாலு வயசு நிறையவில்லை. காலையெல்லாம் பம்ப் செட்டில் ஆடிவிட்டு, கால் நிறையச் சேற்றோடு வந்து அப்படியே படுத்துவிட்டது. வெளியே கார் நின்றது. காருக்குள் அக்காவும் அக்கா புருஷனும் இருந்தார்கள். அக்காவுக்குப் பிறந்த ஒரே குழந்தை தொட்டிலிலேயே போய், அக்கா சாப்பாட்டைத் தொடாமல், யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்த காலம் அது. தங்கை குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தபோதுதான் ஒரு வாய் சாப்பிட்டாள். "ஒரு வருஷம் வெச்சிருக்கட்டும். தெளிஞ்சதும் கொண்டுவந்து விட்டுடுவா," என்றார்கள் பெரியவர்கள். வேண்டாம் என்று சொல்ல, அக்காவின் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, செடிக்காரிக்கு வாய் வரவில்லை.

முழித்திருந்தால் அழும், காலைக் கட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. "தூங்கும்போதே தூக்கிடலாம்," என்றார் அவள் வீட்டுக்காரர். அவர்தான் தூக்கினார்.

அதற்கு முன்னால் அவள் ஒன்று செய்தாள். அன்னக்கூடையில் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தையின் காலில் இருந்த சேற்றைக் கழுவிவிட்டாள். அக்காவின் புருஷன் காரைப் பளபளவென்று வைத்திருப்பவர். சேற்றுக்காலோடு ஏற்றினால் முதல் நாளே ஒரு சொல் விழுமோ என்று பயம். விரலிடுக்கு, குதிகால் எல்லாம் துடைத்து, தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். குழந்தை அசையவில்லை. அவர் தோளில் தலை சாய்ந்த விதத்திலேயே காருக்குப் போனது. கார் திரும்பி மறைந்ததும், "பாரு, ஒண்ணும் தெரியலை அதுக்கு," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலமும் ஓட்டினாள். ஒன்றும் தெரியவில்லை அதற்கு. ஒரு வருஷம் இன்னொரு வருஷமானது. அக்கா கடல் தாண்டிப் போனாள். குழந்தை அக்காவை அம்மா என்றது. பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டது. சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கவில்லை. கெஞ்சினாள். அது சத்தியத்தைவிட மோசம்.

"போதும், மண் போயிடுச்சு," என்றார் வீட்டுக்காரர். "தேய்ச்சுத் தோலை உரிச்சிடாதே."

மரத்தூளை நனைத்துப் பிழிந்தாள். கையில் அழுத்தினால் ஒரு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகினால் வேர் அழுகும், விழவே இல்லையென்றால் காயும். வேரைச் சுற்றி அதைப் பொதிந்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினாள். தண்டைக் காய்ந்த காகிதத்தில் சுற்றினாள். தண்டில் ஈரம் பட்டால் பூஞ்சை வரும். நீளப் பெட்டிக்குள் ஆடாமல் இருக்கக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தார் அவர். உச்சிக் குருத்து அட்டையில் உரசாமல், அதற்கு மட்டும் பஞ்சு வைத்தாள்.

*

கூரியர்க்காரருக்குப் 'புயல்' என்று பெயர். எப்போதும் லேட்டாக வருவதால்.

"என்னக்கா, பார்சல் ரெடியா? இல்ல வழக்கம்போல அடுத்த திங்களா?" என்று ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டார். பெட்டியைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தார். "அடேங்கப்பா! கிளம்பிடுச்சா! உள்ள என்ன, துப்பாக்கியா?"

"செடி. உயிர் இருக்கு. வெயில்ல போட்டு வெக்காதீங்க. மேல எதையும் ஏத்தாதீங்க. கவுத்துப் போடாதீங்க."

"அப்ப நான் தலையில வெச்சுக்கிட்டுதான் ஓட்டணும்." மெஷினில் தட்டினார். "யாருக்குக்கா?"

"அக்கா பொண்ணுக்கு."

தடங்கலே இல்லாமல் வந்தது. எத்தனை வருஷப் பழக்கம். வீட்டுக்காரர் மட்டும் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே பூட்டியிருந்த ஃப்ரிட்ஜ் கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

புயல் பெட்டியை வாங்கி வண்டியின் பின்பக்கம் கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து முன் சீட்டில் சாய்த்து வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

"போதுமாக்கா? ஜன்னலோர சீட்டு."

"போதும்."

வண்டி கிளம்பியது. செடிக்காரி கேட் வரைக்கும் போகவில்லை. அன்றும் போகவில்லை. அன்னக்கூடையில் மிச்சமிருந்த மண்தண்ணீரைக் கொண்டுபோய்த் தாய்மரத்தின் அடியில் ஊற்றினாள். பிறகு வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

"அக்கா சொல்லியிருப்பாளா?" என்று கேட்டாள், பின்னால் வந்து நின்றவரிடம்.

"சொல்லியிருந்தா?"

"எதுக்கு என்னைக் கொடுத்தேன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

அவர் மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் போன் மட்டும்தான் பேச வேண்டியிருந்தது. பேசவில்லை. சமையலறையில் இருந்தால் போன் சமையலறையில், கொட்டகையில் இருந்தால் ஸ்டூலின் மேல். வாரக்கடைசியும் வந்து போனது. கிடங்கில் மாட்டிக்கொண்டதோ? ஏதோ ஒரு வேரிடுக்கில் மண் இருந்து, நெருப்பில் போட்டுவிட்டார்களோ? வீட்டுக்காரர் காலியான ஃப்ரிட்ஜுக்குள் சோடா பாட்டில்களை அடுக்கினார். வேறு நாளாக இருந்தால் பாட்டிலோடு அவரையும் வெளியே தள்ளியிருப்பாள். இப்போது பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். அடுத்த நாள் அவரே பாட்டில்களை எடுத்துவிட்டார்.

*

அவள் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மண் கையோடு எடுத்தாள்.

"சித்தி, வந்துடுச்சு."

"வேர் எப்படி இருக்கு? கருத்திருக்கா? நகத்தால தண்டை லேசாக் கீறிப் பாரு, உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். முதல்ல தண்ணியில கொஞ்ச நேரம் ஊற வெச்சு, அப்புறமா..."

"சித்தி, சித்தி, மூச்சு விடுங்க. எல்லாம் பார்த்தாச்சு. பச்சையாதான் இருக்கு. வேர்ல மண்ணே இல்லைன்னு இங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களே ஆச்சரியப்பட்டாங்களாம். ஊற வெச்சு, நட்டும் ஆச்சு."

செடிக்காரி தூரத்தில் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் பைப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"உச்சிக் குருத்து? பஞ்சு வெச்சிருந்தேனே, அது?"

"இலை விட்டிருக்கு."

"எப்ப, நட்ட பிறகா?"

"இல்ல. பெட்டிக்குள்ளயே. திறந்து பார்த்தா ஒரு சின்ன இலை. வெள்ளையா, காகிதம் மாதிரி. வர்ற வழியிலயே இருட்டுல விட்டிருக்கு போல."

"அது நிக்காதும்மா," என்றாள் செடிக்காரி அவசரமாக. "அது உதிர்ந்துடும். நீ பயந்துடாதே. கீழ இருக்கிறது எல்லாம் தூங்குது, அது மெதுவா வரும். முழிச்சுக்கிட்டுப் போனா தாங்காது. அதுக்குத்தான் தூங்கும்போதே அனுப்பணும்னு சொல்றது. தூங்கிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"சித்தி, செடி வந்ததும் ஒண்ணு சொல்லணும்னு சொன்னேன்ல."

"சொல்லும்மா." மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உங்கம்மா... கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"அம்மா ஒண்ணும் சொல்லலை. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை. பாவம், எனக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்துக்கிட்டேதான் இருந்தாங்க. அவங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னுதான் நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை. இப்பதான் அவங்க இல்லையே."

"என்னம்மா சொல்றே?"

"அன்னைக்கு என் காலைக் கழுவினீங்களே, அந்தத் தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சு. அப்பவே முழிச்சுட்டேன். உங்க முந்தானையால துடைச்சது, அவர் என்னைத் தூக்கினது, காருக்குள்ள படுக்க வெச்சது, எல்லாம் தெரியும். கண்ணைத் திறந்தா நீங்க அழுவீங்கன்னு மூடியே வெச்சிருந்தேன்."